பெட்டி பிரிக்காத என்ஜினுக்குள் விரிசல்! மாடல் டீசல் வாங்குவோர் உஷார்!

நீளம் ஒரு சாண். உயரம் இரண்டு அங்குலம். விலை சுமார் 300 டாலர். நம்ம காசுக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

தங்கமா? இல்லை. வெள்ளியா? அதுவும் இல்லை. பிளாஸ்டிக் மேல்கூடு. உள்ளே கனத்துக்கு ஒரு உலோகக் கட்டை, கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார், சில பல்சக்கரங்கள். அவ்வளவுதான் சரக்கு.

அமெரிக்காவில் ஓடும் டீசல் ரெயில் என்ஜினை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாடல் இது. 'எச்.ஓ.' அளவு என்பார்கள். இதன் தண்டவாளத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி.

"சின்னப் பசங்க விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை விலை?" என்று கேட்காதீர்கள். வாங்குகிறவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். வீட்டு நிலவறையில் ஊர், பாலம், மலை, யார்டு எல்லாம் கட்டி, அதில் ரெயில் விடும் ஆசாமிகள்.

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு ஊர். ஆம்ஹர்ஸ்ட் ரெயில்வே சங்கம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியில் அங்கே ஒரு மாடல் ரெயில் கண்காட்சி நடத்துகிறது. நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி கூட்டம் நெரியும். மேஜை மேஜையாகப் பழைய என்ஜின், புது என்ஜின், உடைந்த என்ஜின், உதிரி பாகம். பேரம் சூடு பறக்கும்.

பணம் புழங்கும் இடத்தில் ஏமாற்றமும் கூடவே வரும். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பல சமயம் ஏமாற்றுகிறோம் என்பது விற்கிறவருக்கே தெரியாது!

"புத்தம் புதுசு சார்!"

பழைய சரக்கு விற்கும் மேஜையில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "பெட்டியைப் பிரிக்கவே இல்லை சார். ஒரு தடவைகூட ஓட்டினது இல்லை."

வாங்குகிறவருக்கு வாயெல்லாம் பல். முப்பது வருஷத்துக்கு முந்தைய என்ஜின், மேலே ஒரு கீறல் இல்லை, கடையிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் ஏது என்று நினைத்துக்கொள்கிறார். கூடுதல் விலையும் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்துக் கரண்டு கொடுத்தால்...

டக்... டக்... டக்... நொண்டி அடித்துக்கொண்டு போகிறது!

என்ன நடந்தது? லைஃப் லைக் என்ற அமெரிக்கக் கம்பெனி 1989-ல் 'புரோட்டோ 2000' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. முதலில் வந்தது 'பி.எல்.2' என்ற என்ஜினின் மாடல். நிஜ பி.எல்.2 அறுபதுகூடக் கட்டப்படவில்லை. அப்படிப்பட்ட அபூர்வ வண்டியை நுணுக்கமாகச் செய்து, கைக்கு எட்டும் விலையில் விற்றார்கள். சந்தையில் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னால் ஜி.பி. வகை என்ஜின்களும் வரிசையாக வந்தன. கைப்பிடிக் கம்பி, காற்றாடி, கதவுக் கீல் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். மேலே ஒரு குறை சொல்ல முடியாது.

குறை கீழே இருந்தது. சக்கரத்தின் அச்சு ஒரே கம்பி இல்லை. நடுவில் பிளாஸ்டிக் பல்சக்கரம். அதன் இரண்டு பக்கத் துளையிலும் ஆளுக்கொரு உலோக அரை அச்சை இறுக்கி அடித்திருப்பார்கள். வருஷம் ஆக ஆகப் பிளாஸ்டிக் கொஞ்சம் சுருங்கும். உலோகம் விட்டுக்கொடுக்காது. எங்காவது ஒரு இடம் பிளந்துதானே ஆக வேண்டும்? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே முடிக்கோடு மாதிரி ஒரு விரிசல் விழும். அந்த இடத்தில் மட்டும் பல்லிடைவெளி அகலமாகிவிடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது ஒரு இடி.

இதற்கு வண்டி ஓடவேண்டும் என்ற அவசியமே இல்லை. பெட்டிக்குள் தூங்கிக்கொண்டே விரியும்! அதனால்தான் 'பிரிக்காத பெட்டி' என்பது இந்த வண்டிகளுக்கு நற்சான்று ஆகாது. சொல்லப்போனால், ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த பழைய வண்டியே மேல். விலை மட்டும் ஏனோ தலைகீழாக இருக்கிறது.

மருந்து சுலபம். ஏதர்ன் என்ற இன்னொரு கம்பெனியின் பல்சக்கரம் இதற்குப் பொருந்தும் என்று ரசிகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். செலவு சில டாலர்தான். சக்கரத்தை உருவி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருக்கிறதா என்று அளவுத் தகடு வைத்துப் பார்க்கவேண்டும். 1935-ல் தொடங்கிய அமெரிக்க மாடல் ரெயில் சங்கம் இதற்கென்றே ஒரு தகடு வைத்திருக்கிறது. அந்தத் தகடு பையில் இல்லாமல் சந்தைக்குப் போவது, தராசு இல்லாமல் மளிகைக்கடை வைப்பது மாதிரி.

நிமிடத்துக்கு ஒரு அடி!

அப்படியானால் வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட விட்டுப் பார்க்கவேண்டும். வேகமாக இல்லை. மெதுவாக!

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். விற்கிறவர் சோதனைத் தண்டவாளத்தில் வைத்து முழுக் கரண்டு கொடுப்பார். என்ஜின் 'விர்'ரென்று பறக்கும். "பார்த்தீங்களா, என்ன ஓட்டம்!" என்பார். பறப்பது பெரிய விஷயமே இல்லை. எந்த மட்டமான மோட்டாரும் பறக்கும். வேகத்தில் நொண்டியும் தெரியாது, இழுப்பும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. நிஜ ரெயில் மணிக்கு 1 மைல் வேகத்தில் ஊர்ந்தால் நிமிடத்துக்கு 88 அடி போகும். 87-ல் ஒரு பங்கு என்றால் மாடல் போக வேண்டியது நிமிடத்துக்குச் சுமார் ஒரு அடி. ஆக, தண்டவாளம் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வையுங்கள். கையில் கெடிகாரத்தைப் பிடியுங்கள். ஒரு முழு நிமிடம். நிற்காமல், துள்ளாமல், விளக்கு மினுக்காமல் அந்த ஒரு அடியைக் கடந்தால் வண்டி கெட்டி. நல்ல தயாரிப்புகள் இதைச் செய்துகாட்டும்.

துள்ளினால் பல்சக்கரத்தைச் சந்தேகியுங்கள். துள்ளல் ஒரே தாளத்தில் வந்தால் விரிசல்தான். நின்று நின்று போனால் சக்கரத்தில் அழுக்கு, அல்லது எல்லாச் சக்கரமும் கரண்டு எடுக்கவில்லை. மோட்டார் முனகிக்கொண்டு நகர மறுத்தால், பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கலாம். இது பெரிய வியாதி இல்லை, துடைத்து மாற்றலாம். ஆனால் விலையில் குறைக்கச் சொல்ல நல்ல சாக்கு!

முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் ஊமையாகவும் மறுபக்கம் கறகறவென்றும் ஓடும் வண்டிகள் உண்டு.

1980-களில் இந்த விஷயத்தில் ஒரு புரட்சியே நடந்தது. அட்லஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஜப்பானின் காட்டோ கம்பெனியிடம் செய்யச் சொல்லி 'ஆர்.எஸ்.3' என்ற என்ஜின் மாடலைக் கொண்டுவந்தது. சத்தமே இல்லாமல், எண்ணெய் வழிந்த மாதிரி நகர்ந்தது. அதுவரை அமெரிக்க வண்டிகள் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி இரைந்துகொண்டு ஓடின. அதுதான் வழக்கம் என்று இருந்தவர்களுக்கு அப்போதுதான் கண் திறந்தது.

அந்தப் பழைய இரைச்சல் வண்டிகளையும் சும்மா சொல்லக்கூடாது. இர்வின் ஏதர்ன் என்பவர் கலிபோர்னியாவில் 1940-களில் ஆரம்பித்த கம்பெனியின் 'நீலப் பெட்டி' என்ஜின்கள் 1970-களில் 20 டாலருக்கும் குறைவு. குமாஸ்தா சம்பளத்தில் வாங்கலாம். கனமான உலோக அடித்தட்டு, பெரிய மோட்டார், எட்டுச் சக்கரமும் இழுக்கும். கீழே போட்டு எடுத்தாலும் ஓடும். இரும்புத்தூளை அழுத்திச் செய்த சக்கரங்கள் அழுக்கு பிடிக்கும், அதை மாற்றிவிட்டால் இன்றைக்கும் வேலை செய்கிற வண்டி. பலர் வீட்டில் செய்துகொண்டுதான் இருக்கிறது.

தொப்பை போட்ட என்ஜின்

ஓட்டம் தேறிவிட்டதா? இனி முகத்தையும் உடம்பையும் பார்க்கலாம்.

மேலே சொன்ன நீலப் பெட்டி வண்டிகளில் ஊரறிந்த ஒரு குறை உண்டு. பழைய ஜி.பி.9, ஜி.பி.35 போன்ற மாடல்களில் மோட்டார் அகலம். அது உள்ளே நுழைய வேண்டுமே! என்ன செய்தார்கள்? என்ஜின் உடம்பையே அகலமாக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே நின்று பாருங்கள். நிஜ வண்டி ஒல்லி. மாடல் தொப்பை போட்டிருக்கும். நடைபாதை குறுகிப்போயிருக்கும், மாடல் டிரைவர் சந்தில் நுழைகிற மாதிரி ஒருக்களித்துத்தான் போகவேண்டும்!

அதனால் அனுபவஸ்தர்கள் எந்த என்ஜினையும் முதலில் நேர் எதிரே பார்ப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சந்தேகக் கைதியை நேராக நிறுத்திப் படம் எடுக்கிற மாதிரி.

எஃப்.7 என்று ஒரு வகை. நாய்மூக்கு என்று செல்லப்பெயர். அமெரிக்கப் படங்களில் வரும், முன்பக்கம் உருண்டு வளைந்த பழைய டீசல் அதுதான். அந்த மூக்கு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளைகிறது. அச்சு வெட்டுகிறவன் ஒரு மயிரிழை தப்பினாலும் முகம் மாறிவிடும். கண்ணாடி ஜன்னல் கொஞ்சம் சாய்ந்தால் தூங்கி வழிகிற முகம். கொஞ்சம் நிமிர்ந்தால் திருதிருவென்று முழிக்கிற முகம். கல்யாண ஆல்பத்தில் நம்ம வீட்டு ஆளைத் தேடுகிற மாதிரி, நிஜப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

கைப்பிடிக் கம்பியையும் தடவிப் பாருங்கள். நிஜத்தில் 3 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கம்பி, மாடலில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கவேண்டும். கனமாக இருந்தால் வேலிப் படல் கட்டின மாதிரி தெரியும். வளையும் பிளாஸ்டிக்கில் செய்தால் உடையாது, ஆனால் அதில் பெயிண்ட் சரியாக ஒட்டாது, உரிந்துவரும். இரும்புக் கம்பியில் செய்தால் நேராக நிற்கும், ஆனால் கைபட்டால் வளைந்துவிடும். இரண்டில் எது நல்லது என்று இன்றுவரை சண்டை. கம்பி கோணலாகவே பெட்டியிலிருந்து வந்தால் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாகத் திட்டும்.

பெயிண்ட் பூசி மறைத்தால்?

பெயிண்ட் விஷயத்தில்தான் கண் ஏமாறும். பளபளப்பாக இருந்தால் நல்ல பெயிண்ட் என்று எண்ணம். தப்பு!

மாடலில் பெயிண்ட் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 87-ஆல் பெருக்குங்கள். நிஜ வண்டியில் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் பெயிண்ட் அப்பின கணக்கு! ஆணித்தலை, கதவுக்கோடு, கம்பிவலை எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மூழ்கிவிடும். நல்ல வேலை என்றால் பெயிண்டுக்கு அடியில் ஒவ்வொரு ஆணியும் துருத்திக்கொண்டு தெரியவேண்டும். அதிகப் பளபளப்பும் ஆகாது. தூரத்தில் நிற்கிற ரெயில் மினுமினுக்காது.

கோடுகளைப் பாருங்கள். சான்டா ஃபே ரெயில்வேயின் சிவப்பும் வெள்ளி நிறமும் கலந்த 'போர்த்தொப்பி' வர்ணம் உலகப் பிரசித்தம். 1937-ல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஓவியர் லேலண்ட் நிக்கர்பாக்கர் வரைந்தது. சிவப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே மஞ்சளும் கறுப்புமாக மெல்லிய கோடு மூக்கைச் சுற்றி வளைந்து ஓடும். ஃபாக்டரியில் இதை மெத்தென்ற சிலிகான் திண்டில் மையை ஒற்றி அச்சடிக்கிறார்கள், ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. வளைந்த மூக்கில் திண்டு கொஞ்சம் நழுவினாலும் இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் சந்திக்காது. பார்க்கவேண்டிய இடம் அதுதான். பக்கவாட்டுக் கோட்டில் எல்லாரும் தேறுவார்கள்.

நிறம் சரியா என்பது தீராத வழக்கு. பென்சில்வேனியா ரெயில்வே என்ஜின்களுக்கு ஒரு கரும்பச்சை. கறுப்பு என்றே சொல்லலாம், வெயிலில் பார்த்தால்தான் பச்சை என்று தெரியும். அதைப் பச்சைப்பசேல் என்று பூசி விற்ற மாடல்களும் உண்டு. 'இதுதான் சரி' என்று சட்டையைப் பிடிக்காத குறையாக வாதாடுகிறவர்களும் உண்டு. நிஜ வண்டியே வெயிலிலும் புகையிலும் வருஷத்துக்கு ஒரு நிறம் காட்டும்போது யார் சொல்வது தீர்ப்பு? நிறத்துக்காக நல்ல வண்டியைத் தள்ளுவது வீண் என்பது என் கட்சி. கடையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடையில் புடவைக்குச் செய்கிற அதே காரியம்.

ஆள் மாறாட்டம்!

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. அது ஆள் மாறாட்டம்.

ஒரே ஜி.பி.9 என்ஜினை அமெரிக்காவில் பல ரெயில்வே கம்பெனிகள் வாங்கின. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக் கட்டச் சொன்னார்கள். முன்மூக்கு உயரமா, தாழ்வா? கூரையில் பிரேக்குக்கான புடைப்பு உண்டா, இல்லையா? விளக்கு எத்தனை? சதர்ன் பசிபிக் என்ஜினுக்கு முகம் நிறைய விளக்குகள். நார்போக் அண்டு வெஸ்டர்ன், சதர்ன் ரெயில்வே இரண்டும் மற்றவர்கள் தாழ்த்திய பிறகும் உயர்ந்த மூக்கையே கேட்டு வாங்கின. இந்த சதர்ன் ரெயில்வே நம்மது இல்லை! 1982-ல் நார்போக் சதர்ன் என்ற பெயரில் இணைந்துபோன அமெரிக்கக் கம்பெனி. அவர்களும் நீண்ட மூக்கை முன்னால் வைத்தே என்ஜினை ஓட்டினார்கள். நம்ம பழைய டபிள்யூ.டி.எம்.2 டிரைவர்கள் பாதை தெரியாமல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் கம்பெனி ஒரே அச்சில் அடித்து, பத்து ரெயில்வே பெயரையும் பத்து வர்ணத்தையும் பூசி விற்றுவிடும். தாழ்ந்த மூக்குள்ள உடம்பில் உயர்ந்த மூக்குக்காரனின் சட்டை! சில சமயம் அந்த ரெயில்வே அந்த என்ஜினை வாங்கியதே இருக்காது. இப்படிப்பட்ட போலிக்கு அமெரிக்க ரசிகர்கள் வைத்த பெயர் 'ஃபூபி'. அச்சும் பெயிண்டும் முதல்தரமாக இருந்தாலும் ஃபூபி ஃபூபிதான். வண்டியில் உள்ள நம்பரைக் குறித்துக்கொண்டு, அதே நம்பரின் நிஜப் படத்தைத் தேடி, அங்க அடையாளம் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பவன் கில்லாடி.

பித்தளையில் கையால் செய்த மாடல்கள் தனி ஜாதி. முதலில் ஜப்பானிலும், பின்னால் கொரியாவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். விலை தலை சுற்றும். அழகில் குறை சொல்ல முடியாது. ஓட்டத்தில் பல பழைய பித்தளை வண்டிகள் பிளாஸ்டிக்கிடம் தோற்கும். அலமாரிக்கா, தண்டவாளத்துக்கா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ரொம்பப் பழைய, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய சாமான் என்றால் உலோக வார்ப்பைத் திருப்பிப் பாருங்கள். துத்தநாகத்தில் ஈயம் கலந்துபோன வார்ப்பு உள்ளுக்குள் அரித்து, வீங்கி, பொரிந்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு வைத்தியம் இல்லை.

கண்ணை மூடிக் கேளுங்கள்

இப்போதெல்லாம் என்ஜினுக்குள் சத்தமும் வைத்து விற்கிறார்கள். சிப்பும் குட்டி ஒலிபெருக்கியும் சேர்ந்தால் விலை ஏறிவிடும். ஏறின விலைக்குச் சரியான சத்தம் வருகிறதா?

அமெரிக்க டீசலில் இரண்டு பெரிய வம்சம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய 567 என்ஜின் இரண்டு ஸ்ட்ரோக். ஒரே சீராக உறுமும். ஆல்கோ என்ஜின் நான்கு ஸ்ட்ரோக். குடுகுடுவென்று நின்ற இடத்தில் நடுங்கும், கிளம்பும்போது கரும்புகை கக்கும்.

ஆல்கோ சத்தம் தமிழ்நாட்டு ரெயில் பயணிகளுக்குப் புதிது இல்லை. 1962-ல் ஆல்கோ அனுப்பி, 1964 முதல் வாரணாசியில் கட்டிய டபிள்யூ.டி.எம்.2 அந்த வம்சத்து 251 என்ஜின்தான். 2,600 குதிரைசக்தி. ஈரோடு ஷெட்டிலும் பொன்மலை ஷெட்டிலும் பல வருஷம் குடுகுடுத்த வண்டி. அமெரிக்காவில் ஆல்கோ 1969-லேயே என்ஜின் கட்டுவதை நிறுத்திவிட்டது. நம்ம ஊரில் அதன் பிறகும் பல ஆண்டுகள் கட்டினார்கள். இப்போது மின்சார என்ஜின் வந்து அதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஆல்கோ மாடலுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் சத்தத்தை வைத்தால், ஈரோட்டில் வேலை பார்த்த பென்ஷன்காரர் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே, "இது அது இல்லைப்பா" என்று சொல்லிவிடுவார். விலை கொடுத்து வாங்குகிறவர் அந்த அளவுக்காவது காதைத் தீட்டிக்கொண்டு போகவேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மருமகனிடமோ மச்சானிடமோ சொல்லி வாங்கிவரச் சொல்கிறவர்கள், கையோடு ஒரு அடி ஸ்கேலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். "ஓட்டிக் காட்ட முடியாது, பெட்டி பிரித்தால் மதிப்பு போய்விடும்" என்று விற்கிறவர் அடம்பிடித்தால் சண்டை வேண்டாம். உள்ளே பல்சக்கரம் விரிந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த விலை சொல்லட்டும். ஒத்துவராவிட்டால் அடுத்த மேஜைக்கு நகரட்டும்.